ஒரு வீட்டுக்கு இரண்டு மணியக்காரர்

 

ஒரத்தநாட்டிலிருந்து சகோதரி ஒருவர் இப்பகுதிக்கு எழுதிய நீண்ட கடிதம் என்னைத் தஞ்சையிலிருந்து பேருந்து ஏற வைத்தது. பட்டுக்கோட்டைச் சாலையில் 25 கிலோமீட்டருக்குள் அடங்கும் பயணம். கல்லணைக் கால்வாயை இப்பக்கத்தார் இன்றும் ‘புது ஆறு’ என்றே சொல்கிறார்கள். கரை புரண்ட தண்ணீரும், ஆடிக் காற்றில் தலைவிரித்தாடிய தென்னைகளும் கண்ணுக்கு இதமாக இருந்தாலும், அந்தத் தென்னைகளுள் ஒன்றுதான் இந்தக் கதையின் தொடக்கம் என்பது வீட்டை அடைந்த பிறகே எனக்குப் புரிந்தது.

வீடு மாடி வீடு. கீழே கணவரின் தமையனார் குடும்பம். மேலே சகோதரியும் அவருடைய மகனும். மாமியார் இரு தளத்துக்கும் பொதுவானவர். கணவர் ஷார்ஜாவில் பணிபுரிகிறார். 2024-ல், ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகன், நன்னியின் செல்பேசியில் தோன்றிய ஒரு விளம்பரத்தைத் தொட்டு, பணம் கட்டி ஆடும் விளையாட்டொன்றுக்குள் நுழைந்து, மாதச் செலவுக்கென்று அனுப்பப்பட்ட தொகையிலிருந்து 6,000 ரூபாயை இழந்திருக்கிறான். இத்தகைய ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது உண்மைதான். ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே பணம் போய்விட்டது. ஆகவே அடுத்த விடுமுறையில் வந்த கணவர், உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணிப்பொறியொன்றை வாங்கி, அதில் பை-ஹோல் என்னும் விளம்பரத் தடுப்பு நிரலை ஏற்றி, வரவேற்பறை அலமாரியில் வைத்துவிட்டுப் பயணம் போனார். ஏழு மாதங்கள் வீடு அமைதியாக இருந்தது.

பிறகுதான் அந்தத் தென்னை விழுந்தது. மின்கம்பி அறுந்து, கம்பமும் முறிந்து, தெருவுக்கு மின்சாரம் திரும்ப ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆயின. மின்சாரம் வந்தது, விளக்கு எரிந்தது, வைஃபை குறியும் செல்பேசிகளில் தோன்றியது. இணையம் மட்டும் வரவில்லை. கேபிள் நிறுவனத்து ஊழியர் ஒருவர் வந்து, ரவுட்டரின் அமைப்புகளை அழித்துப் புதிதாக எழுதிவிட்டு, “இனி எல்லாம் சரி” என்று போய்விட்டார். அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. நன்னியின் செல்பேசியில் இணையம் வந்தது, விட்டுப்போன விளம்பரங்களும் சேர்ந்து வந்தன. தமையனாரின் மகளுடைய மடிக்கணினியில் ஒன்றுமே வரவில்லை. ஒரே வீடு, ஒரே வைஃபை, ஒரே கடவுச்சொல். “செல்போன்தான் கெட்டுவிட்டது” என்று ஒருவரும், “அந்தப் பெட்டியைத் தூக்கி எறியுங்கள்” என்று மற்றொருவருமாக வீடு இரண்டுபட்டது.

நான் பழுது பார்த்த கதையைச் சொல்வதற்கு முன், வீட்டு இணையத்தில் இரண்டு உத்தியோகங்கள் உண்டு என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். முற்காலத்துக் கிராமத்தில் மணியக்காரர், கர்ணம் என இருவர் இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். அதைப் போன்றதே இதுவும்.

முதலாவது உத்தியோகத்தின் பெயர் டி.எச்.சி.பி. வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு செல்பேசியும், தொலைக்காட்சியும், மடிக்கணினியும் ‘எனக்கொரு முகவரி வேண்டும்’ என்று வீடு முழுவதும் கேட்கும்படி கூவும். இந்த மணியக்காரர், ‘இதோ 192.168.1.23, எடுத்துக்கொள்’ என்று முன்வைப்பார். கருவி ‘சரி, அதையே கேட்கிறேன்’ என்று சொல்லும். அவர் ‘கொடுத்தேன்’ என்று உறுதி செய்வார். நான்கு வார்த்தைகளில் முடியும் பேரம் இது. கொடுப்பது சொந்தமாக அன்று; குத்தகைக்கு. ஆங்கிலத்திலும் அதற்குக் குத்தகை என்ற பொருள் தரும் சொல்லையே வைத்திருக்கிறார்கள். நெல் விளையும் சீமையில் பிறந்த நமக்கு அது விளங்குவதில் சிரமமில்லை. பெரும்பாலும் ஒரு நாள் குத்தகை. பாதிக் காலம் கழிந்ததுமே கருவி வந்து புதுப்பித்துக்கொள்ளும். இந்த முறை 1993-ல் வகுக்கப்பட்டது. 1997-ல் திருத்தம் பெற்ற வடிவமே இன்றளவும் நடைமுறையில் உள்ளது. முகவரியைக் கொடுக்கும்போதே மணியக்காரர் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறார்: ‘ஊருக்கு வெளியே போகும் வாசல் இது, பெயர் விசாரிக்க வேண்டுமானால் இன்னாரிடம் கேள்.’

அந்த ‘இன்னார்’தான் இரண்டாவது உத்தியோகஸ்தர், டி.என்.எஸ். என்னும் கர்ணம். நாம் தட்டுவது பெயர். கணிப்பொறிகளுக்கு வேண்டியது எண். பெயரைச் சொன்னால் பதிவேட்டைப் பார்த்து எண்ணைச் சொல்வது இவர் வேலை. 1983-க்கு முன்னர் உலகக் கணிப்பொறிகளின் பெயர்ப் பட்டியல் முழுவதும் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரே கோப்பாக இருந்தது என்றால் நம்புவீர்களா? எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அதைப் படியெடுத்துக்கொள்வார்கள். கணிப்பொறிகள் பெருகி, ஒரு கோப்பு தாங்காது என்றான நிலையில், பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பதிவேட்டைக் கிளை கிளையாகப் பிரித்துப் பலர் பொறுப்பில் விடும் முறையை 1983-ல் வகுத்தார்.

கர்ணம் வாய் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் பலரும் ஓர் இரவில் அனுபவித்திருக்கிறார்கள். 2021 அக்டோபர் 4 அன்று இரவு நம் நேரப்படி 9 மணி கடந்த சிறிது நேரத்தில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் மூன்றும் ஒருசேர நின்றன. வளைகுடாவில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் அங்கே ஏதோ நடந்துவிட்டதென்று பதறினார்கள். நடந்தது இதுதான்: பராமரிப்பின்போது பிறப்பிக்கப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் மையங்களை இணைத்த வழித்தடத்தை முடக்கியது. அதைக் கண்ட அதன் பெயர்ப் பதிவேட்டுக் கணிப்பொறிகள், ‘எங்களை அடையும் வழி இது’ என்று உலகுக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொண்டன. பெயர் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. மீண்டு வர ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடித்தது.

பை-ஹோல் செய்வது இந்தக் கர்ணம் வேலையைத்தான். அமெரிக்கரான ஜேக்கப் சல்மெலா தொடங்கிவைத்த இந்நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. விளம்பர நிறுவனங்களின் பெயர்கள் அடங்கிய நீண்ட பட்டியலொன்று அதனிடம் இருக்கும். செல்பேசி அந்தப் பெயர்களுள் ஒன்றைக் கேட்டால் 0.0.0.0 என்று, அதாவது ‘அப்படி ஒரு வீடே இல்லை’ என்று, பதில் தரும். மற்றப் பெயர்களை வெளியிலுள்ள பெரிய கர்ணங்களிடம் கேட்டு வந்து சொல்லும். மதகைத் தேவையான வாய்க்காலுக்குத் திறந்து, வேண்டாத வாய்க்காலுக்கு அடைப்பது போன்றது. சில ரவுட்டர்களில் ‘பெயர் விசாரிக்க இன்னாரிடம் போ’ என்னும் குறிப்பை மாற்ற இடம் தருவதில்லை. ஆதலால் இந்த வீட்டுக் கணவர், ரவுட்டரின் மணியக்காரர் வேலையையும் பறித்து, அதையும் பெட்டியிடமே ஒப்படைத்திருந்தார். சரியான ஏற்பாடுதான். ஆனால் அதை வீட்டிலிருந்த ஒருவருக்கும் சொல்லாமல் விமானம் ஏறியது சரியன்று. இதைக் கடல் கடந்து வாழும் சகோதரர்கள் சற்றே கவனிக்க வேண்டும்.

இனி பழுதுக்கு வருவோம்.

நன்னியின் செல்பேசியை வாங்கி, வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள குறியைத் தொட்டு விவரங்களைப் பார்த்தேன். முகவரி 192.168.1.7, டி.என்.எஸ். என்ற இடத்தில் 192.168.1.1. அது ரவுட்டரின் எண். அடுத்து, தமையனாரின் மகளை அழைத்து அவருடைய செல்பேசியில் அதே இடத்தை வாசிக்கச் சொன்னேன். பொறியியல் படிக்கும் பெண். வாசித்தார்: முகவரி 192.168.1.23, டி.என்.எஸ். 192.168.1.2. அது பெட்டியின் எண். இரண்டு எண்களைக் கேட்டதுமே முதல் புதிர் அவிழ்ந்துவிட்டது. ஊழியர் ரவுட்டரைப் புதிதாக எழுதியபோது, அதன் மணியக்காரர் மீண்டும் பதவியேற்றுவிட்டார். பெட்டிக்குள் இருந்தவரும் பதவி விலகவில்லை. எந்தக் கருவிக்கு எவர் முந்திக்கொண்டு முகவரி கொடுத்தாரோ, அக்கருவி அவர் சொன்ன கர்ணத்திடம் போயிற்று. ரவுட்டர் பக்கம் சாய்ந்தவர்களுக்கு விளம்பரத்தோடு இணையம். பெட்டியின் பக்கம் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒரே நிலத்தை இருவர் குத்தகைக்கு விட்டால் வழக்கு வராமல் இருக்குமா? இருவரும் ஒரே எண்ணை இரு கருவிகளுக்குக் கொடுத்துவிடும் அபாயமும் இதில் உண்டு.

ஆனால் இது பாதி விடைதான். ஊழியர் வருவதற்கு முன்பே வீடு முழுவதும் இணையம் நின்றிருந்ததே, அது ஏன்?

மடிக்கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து, பெயர் எதுவும் சொல்லாமல் 8.8.8.8 என்ற எண்ணை அழைத்துப் பார்க்கும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கூகுள் நிறுவனத்தின் பொது டி.என்.எஸ். எண் அது. உடனே பதில் வந்தது. ஆக வெளியுலகுக்குப் பாதை இருக்கிறது. பிறகு ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி அழைத்தபோது பதிலில்லை. பாதை சரி, பெயர் விசாரணை மட்டுமே பழுது. வாசகர்கள் இந்தச் சோதனையை மட்டுமாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எண் பேசினால் கேபிள் நிறுவனத்தைத் திட்டுவதில் பயனில்லை. எண்ணும் பேசாவிட்டால், உங்கள் கருவிக்கு முகவரி கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் கணிப்பொறியில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால், முகவரி தர எவரும் முன்வராததால் அது தனக்குத் தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். மணியக்காரர் இறந்து கிடக்கிறார்.

அடுத்து 192.168.1.2 என்ற எண்ணைத் தட்டி, பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தோம். கடவுச்சொல் ஷார்ஜாவிலிருந்து தொலைபேசியில் வந்தது. விசாரணைப் பட்டியலில் வரிசை வரிசையாக ஒரே சொல்: ‘போகஸ்’. போலி என்று பொருள். கூகுள் போலி, வங்கி போலி, பல்கலைக்கழகம் போலி! உலகமே போலியாகிவிட்டதா என்று நான் விழித்துக்கொண்டிருக்கையில் அந்தப் பெண்தான் விரலை நீட்டினார்: “மாமா, தேதியைப் பாருங்கள்.” சுவரில் தொங்கிய காலண்டருக்கும் பெட்டியின் பட்டியலில் இருந்த தேதிக்கும் இரண்டு நாள் வித்தியாசம்.

என்ன நடந்தது என்று விளக்குகிறேன். பெயர்ப் பதிவேட்டில் இடையில் எவரேனும் பொய்யான எண்ணைச் செருகிவிட முடியும் என்பதை டான் காமின்ஸ்கி என்னும் ஆய்வாளர் 2008-ல் எடுத்துக்காட்டி உலகைத் திடுக்கிட வைத்தார். அதைத் தடுக்க, பதில்களின்மீது முத்திரையிடும் முறை டி.என்.எஸ்.செக் என்ற பெயரில் முன்னரே இருந்தது. பதிவேட்டின் வேர் 2010 ஜூலையில் முத்திரையிடப்பட்டது. ஒவ்வொரு முத்திரைக்கும் தொடங்கும் நாள், முடியும் நாள் இரண்டும் உண்டு. அவற்றைச் சரிபார்க்கக் கையில் ஒழுங்கான கடிகாரம் வேண்டும். ராஸ்பெர்ரி பையில் 2023-ல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு முன், மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரமே கிடையாது. மின்சாரம் திரும்பியதும் தான் கடைசியாக அறிந்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, பிறகு இணையத்தில் நேரம் விசாரித்துத் திருத்திக்கொள்ளும். இந்த வீட்டுப் பெட்டிக்கு இரண்டு நாட்கள் தொலைந்துபோயின. புதிதாக இடப்பட்ட முத்திரைகளெல்லாம் அதன் கண்ணுக்கு நாளைய தேதியிட்டவையாகத் தோன்றின. நாளைய தேதியிட்ட பத்திரத்தை எந்தக் கர்ணம் ஏற்பார்? போலி என்று தள்ளிவிட்டது. நேரத்தை விசாரிக்கலாமென்றால், நேரம் சொல்லும் கணிப்பொறிக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளும்படி பெட்டி அமைக்கப்பட்டிருந்தது. அந்தப் பதிலும் போலி! பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை.

தேதியைக் கையால் ஒரே வரியில் திருத்தினோம். ஒரு நிமிடத்துக்குள் பெயர்களெல்லாம் திறந்துகொண்டன. ரவுட்டரின் மணியக்காரரை மீண்டும் ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, ஒவ்வொரு செல்பேசியிலும் வைஃபையை அணைத்து ஏற்றினோம். பழைய குத்தகை ஒழிந்து புதியது வந்தது. இனி இது நிகழாமலிருக்க, நேரத்தைப் பெயரால் கேட்காமல் எண்ணால் கேட்கும்படி பெட்டிக்குக் கட்டளை எழுதினோம். காசு அளவு மின்கலத்தில் ஓடும் சிறு கடிகாரத் துண்டு ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. அதையும் வாங்கிப் பொருத்தச் சொன்னேன். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் வாரக்கணக்கில் இருளில் கிடந்த வட்டாரம் இது. கடிகாரத்தை இணையத்தை மட்டும் நம்பி விடக்கூடாது.

“பெட்டி பழுதானால் உதவட்டும் என்று இரண்டாவது டி.என்.எஸ்.ஸாக 8.8.8.8-ஐயும் எழுதிவிட்டால் என்ன?” என்று தமையனார் கேட்டார். பலரும் இதைச் செய்கிறார்கள், தவறு. இரண்டாவது கர்ணம் முதலாமவர் விடுப்பில் போனால் மட்டும் வருபவர் அல்லர். கருவிகள் தம் விருப்பம்போல் இருவரில் எவரையும் கேட்கும்; விளம்பரம் அந்த வழியாகக் கசியும். 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 தொடங்கி செல்பேசிகளில் ‘தனிப்பட்ட டி.என்.எஸ்.’ என்றொரு விசையும் இருக்கிறது. அதில் வெளியார் ஒருவரின் பெயரை எழுதிவைத்தால் அந்தச் செல்பேசி பெட்டியைத் தாண்டிப் போய்விடும். புதிய முறை முகவரிகளான ஐ.பி. ஆறு வழியாகவும் ரவுட்டர் தன் கர்ணத்தை அறிவிக்கக்கூடும். ஆகவே பெட்டி இருக்கிறதென்று பெற்றோர் கண்ணை மூடிக்கொள்ள இடமில்லை.

வேலை முடிந்ததென்று நான் எழுந்தபோதுதான் சகோதரியின் கடிதத்தில் இருந்த இரண்டாவது கேள்வி நினைவுக்கு வந்தது: ‘இதைச் சரிசெய்வது நல்லதா?’ அது ஏன் எழுதப்பட்டதென்று அதுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பெண் விளக்கினார். அந்த விசாரணைப் பட்டியலில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியும் எந்த நேரத்தில் எந்தப் பெயரைக் கேட்டது என்பது அப்படியே பதிவாகிறது. ஷார்ஜாவிலிருப்பவர் தம் தமையனாரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவைத்திருந்தார். அவர் இரவுதோறும் அதைத் திறந்து வாசிக்கலானார். “விளம்பரம் போனது நல்லதுதான், மாமா. ஆனால் நான் உடம்புக்கு முடியாமல் ஒரு மருத்துவத் தளத்தைத் தேடினால், மறுநாள் காலையில் அத்தா அதைப் பற்றிக் கேட்கிறார்கள். பெட்டி நின்ற அன்று நான் சந்தோஷப்பட்டேன்.” இதை அவர் தந்தையின் முன்னிலையிலேயே தாழ்ந்த குரலில் சொன்னார். தமையனார் நல்ல மனிதர்; தம்பி பிள்ளையின் 6,000 ரூபாய் போன நாள் முதல் அவருக்குத் தூக்கமில்லை. ஆயினும் ஒரு நிமிடம் தலைகுனிந்தே இருந்தார்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கெட்ட வாசலை அடைப்பது வேறு. வீட்டார் கடிதங்களைப் பிரித்துப் படிப்பது வேறு. முன்னதற்குத்தான் பெட்டி வாங்கப்பட்டது. துருவித் துருவி ஆராய்வதை நம் மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. பை-ஹோலை எழுதியவர்களும் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அமைப்புகளில் ‘தனியுரிமை’ என்றொரு பகுதி உண்டு. எல்லாவற்றையும் காட்டு, பெயர்களை மறை, பெயர்களையும் கருவிகளையும் மறை, முற்றிலும் அடையாளமின்றி வை என நான்கு படிகள். மூன்றாவது படியில் விளம்பரத் தடுப்பு சிறிதும் குறையாது. எத்தனை கேள்விகள் வந்தன, எத்தனை தடுக்கப்பட்டன என்ற எண்ணிக்கை தெரியும். யார் எதைக் கேட்டார் என்பது மட்டும் தெரியாது. பழுது பார்க்கும் நாளில் தற்காலிகமாகக் கீழிறக்கிக்கொள்ளலாம்.

தமையனார் சிறிது நேரம் யோசித்தார். சிறுவனுக்காகவாவது பட்டியல் வேண்டாமா என்று கேட்டார். பணம் போனது பட்டியல் இல்லாததாலன்று. நன்னியின் செல்பேசியில் வங்கிச் செயலிக்குப் பூட்டு இல்லாததால்தான் என்று சகோதரி பதில் சொன்னார். அந்தப் பூட்டு ஏழு மாதங்களுக்கு முன்பே போடப்பட்டுவிட்டது. பிறகு அவரே மகளைப் பார்த்து, “நீயே மூன்றாம் படியில் வைத்துவிடம்மா. பாஸ்வேர்டையும் மாற்றி நீயே வைத்துக்கொள். அடுத்த தடவை நின்றால் யாரைக் கேட்பது?” என்றார்.

அப்பெண் மாற்றினார். ரவுட்டரின் எண், பெட்டியின் எண், ‘ரவுட்டரில் டி.எச்.சி.பி. போடக்கூடாது’ என்ற ஒரு வரி ஆகியவற்றை அட்டையில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினார். இனி வரும் ஊழியர் அதைப் படித்துவிட்டே கைவைப்பார் என்று நம்புவோம்.

தேநீர் வந்தது. நன்னி தம் செல்பேசியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். “எல்லாம் போய்விட்டது, தம்பி. இந்த யூடியூபில் வருவது மட்டும் போகவில்லையே?” யூடியூப் தன் விளம்பரத்தைத் தனி வாய்க்காலில் விடுவதில்லை, காட்சி வரும் அதே கணிப்பொறிகளிலிருந்து அனுப்புகிறது. அந்தப் பெயரை அடைத்தால் காட்சியும் சேர்ந்து நின்றுவிடும். இதைச் சொன்னேன். “அப்படியென்றால் பயானும் வராதா?” என்றார். வராது என்றேன். “சரி, இருந்துவிட்டுப் போகட்டும்” என்று செல்பேசியை எடுத்துக்கொண்டார்.